‘மிருதன்’ காட்டும் நோயும் குன்னூர் அறிந்த நோயும்

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி 2016இல் வெளிவந்த ‘மிருதன்’ திரைப்படத்தின் கதை உதகமண்டலத்தில் தொடங்குகிறது. சிந்திய இரசாயனத் திரவத்தை ஒரு நாய் அருந்துகிறது. அதன் கடியிலிருந்து மனிதர்கள் ஜாம்பிகளாக மாறும் தொற்று கிளம்புகிறது. இரசாயனத்தை மட்டுமே காரணமாகக் கொண்டால் இந்நோய்க்கு மருத்துவ அடிப்படை இல்லை. நஞ்சு உடலுக்குள் பெருகுவதில்லை. கடிக்குக் கடி அதன் அளவு குறைந்து, சில ஆட்களுக்குள் விளைவின்றி நின்றுவிடும். நாயின் உடலில் முன்பே இருந்த வைரஸ் ஒன்றை அத்திரவம் திரித்தது எனக் கொண்டால்தான் தொற்றுச் சங்கிலி நிலைக்கும்.

அவ்வைரசுக்கு முன்மாதிரி தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உதகையை அடுத்த குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தின் வரலாறே வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தோடு பிணைந்தது. ரேபிஸ் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளையை அடைகிறது. பின்னர் உமிழ்நீரில் வெளிப்படுகிறது. மூளை கலங்கிய விலங்கு கடிக்கவும் முற்படுகிறது. கடிக்கும் வெறியும் கடிவழிப் பரவலும் ஒரே நோயில் இணைவதால், ஜாம்பிக் கதைக்கு இதனினும் பொருத்தமான அடிப்படை அரிது.

திரைப்படம் இழந்தது காலத்தை. ரேபிஸ் அறிகுறி தோன்றப் பெரும்பாலும் வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். கடிபட்ட பின்னரும் தடுப்பூசி பயன்தருவது இவ்விடைவெளியால்தான். அறிகுறி தோன்றிவிட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி. திரையிலோ மாற்றம் விரைந்து நிகழ்ந்துவிடுகிறது. துரத்தல் காட்சிகளுக்கு அவ்விரைவு உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கடிபட்டவர் இன்னும் மனிதராகவே வீடு திரும்பி, அருகில் உறங்கும் குழந்தையைப் பார்த்தபடி நாள் எண்ணும் அச்சத்திற்கு இக்கதையில் இடமில்லாமற் போகிறது.