முதல் பட்டதாரியும் மென்டார் கோப்பும்

குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாத நிலையில் உயர்கல்விக்கு வரும் மாணவரை முதல் தலைமுறைப் பட்டதாரி என வகைப்படுத்தும் தமிழக அரசு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்வோருக்கு 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை அளித்துவருகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்னும் கேள்விகளுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் அதன் பகுதியான கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் விடை சொல்கின்றன. சேர்ந்த பிறகு அம்மாணவருக்கு எஞ்சும் துணை, ஒவ்வோர் ஆசிரியரிடமும் மாணவர் சிலரைப் பெயர் குறித்து ஒப்படைக்கும் வழிகாட்டி ஆசிரியர் முறைதான். கல்லூரி வழக்கில் அது மென்டார் முறை. பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீண்டு, தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வரை விரியும் தொழிற்பகுதியில், பொறியியல் கல்லூரிகளும் ஆலைகளும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்வதால், இம்முறையின் வலிமையும் குறையும் அங்கே துலக்கமாகத் தெரிகின்றன.

முதல் தலைமுறை மாணவரிடம் இல்லாதது ஊக்கமோ உழைப்போ அன்று. அரியர் விழுந்தால் அதைக் கடைசிப் பருவம் வரை சேர்த்துவைக்கக் கூடாது, விடைத்தாள் நகலைப் பெற்று மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குமுன் மருத்துவச் சான்றுடன் துறைத்தலைவரைப் பார்க்க வேண்டும் என்பன போன்ற நடைமுறை அறிவு, படித்தவர் நிறைந்த வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு இத்தகைய மரபுவழிச் சொத்தைப் பண்பாட்டு மூலதனம் என்றார்; பணத்தைப் போலவே அது தலைமுறைகளுக்குக் கைமாறுகிறது, ஆனால் பணத்தைப் போல் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் தற்செயலாக நடப்பதைச் சம்பளம் பெறும் ஒருவரின் கடமையாக்கியதே மென்டார் முறையின் உண்மையான சாதனை; கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதையே அறியாத மாணவருக்கு அது சிறிய உதவியன்று.

ஆயினும் அக்கடமையைச் சுமப்பவர் யார் என்பதில்தான் முறை இடறுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, எழுத்துத்தேர்வுப் பாடங்களில் அகமதிப்பீட்டுக்கு, அதாவது கல்லூரிக்குள்ளேயே இடப்படும் மதிப்பெண்ணுக்கு, 100இல் 40ஐ ஒதுக்குகிறது. அம்மதிப்பெண்ணை இடுபவரும் வருகையைக் குறிப்பவரும் ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைப்பவரும் அதே துறையினராக, பல வேளைகளில் அதே ஆசிரியராகவே இருக்கையில், இரவில் வேலைக்குப் போவதால்தான் முதல் வகுப்பில் தூங்குகிறேன் என்று எந்த மாணவர் வாய்திறப்பார்? பேசவேண்டியதைப் பேசாமல், கேட்டதற்கு மட்டும் "சரிங்க சார்" சொல்லித் திரும்பும் சந்திப்புகள் பதிவேட்டில் குறைவின்றி ஏறுகின்றன. தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழுவான நாக் தன் அளவுகோல்களுள் ஒன்றாக மென்டார்–மாணவர் விகிதத்தைக் கேட்டதும் இப்போக்குக்கு உரமிட்டது. விகிதத்தை எண்ணலாம், நம்பிக்கையை எண்ண இயலாது என்பதால் எண்ணத்தக்கதே வளர்ந்தது. சுயநிதிக் கல்லூரியில் வழிகாட்டும் ஆசிரியரே நிலையற்ற பணியில் இருந்து, ஆண்டு நடுவில் வேறிடம் போய்விட்டால், அடுத்தவருக்குக் கிடைப்பது அச்சந்திப்புகள் பதிவான கோப்பு மட்டுமே.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கல், படிப்பைக் கைவிடுவதற்கு உடனடியாக ஒரு கூலி இங்கே கிடைக்கிறது என்பதாகும். மூன்று அரியர்களுடன் தவிக்கும் மாணவருக்கு ஆலையின் ஒப்பந்த வேலையோ பயிற்சியாளர் வேலையோ பேருந்து தூரத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழில் பழகுபவர் தொழிலாளராகக் கருதப்படார் என்பதை அவருக்கு விளக்குவோர் குறைவு. நிறுவன அலுவலர்களை அழைத்து வழிகாட்டச் செய்யும் வழக்கம் இக்குறைக்கு மாற்றாகக் கருதப்படுகிறது. ஆலைத்தளத்தை நேரில் அறிந்தவரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டென்றாலும், மனிதவளத் துறை வழியே வருபவர் வழிகாட்டியா ஆள்சேர்ப்பவரா என்னும் ஐயம் நீங்குவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை எண்ணினால், ஒரே நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாணவரைச் செதுக்கும் ஆலோசனை எத்தனை குறுகிய ஆயுள் உடையது என்பது விளங்கும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டம் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்றாண்டுக்குள் பட்டம் முடித்தோர் அத்திட்டத்தில் 40 விழுக்காடு, ஏனையோரில் 22 விழுக்காடு. அங்கு ஆலோசகர் பாடம் நடத்தி மதிப்பெண் இடுபவர் அல்லர், ஆலோசனையையே முழுநேரப் பணியாகக் கொண்டவர். ஆலோசனையுடன் போக்குவரத்து அட்டையும் பாடநூல் உதவியும் கட்டண விலக்கும் சேர்ந்தே வந்தன. தமிழகத்தில் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆனால் அப்பணம் ஒரு வழியிலும் மென்டார் மற்றொரு வழியிலும் மாணவரை வந்தடைவதால், தொகை வராமல் நின்றால் அதைத் துரத்திக் கேட்பது தன் வேலை என்று எந்த மென்டாரும் நினைப்பதில்லை.

கட்டணச் சலுகை விதிப்படி, மூத்த பிள்ளை பட்டதாரியாகிவிட்டால் இளையவருக்கு முதல் தலைமுறைச் சான்று கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு சலுகை என்னும் சிக்கனக் கணக்கில் பிறந்த இவ்விதி, தான் அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறது: அரியர் எழுதி, கலந்தாய்வில் நின்று, வளாகத் தேர்வில் தோற்றுத் தேறிய அக்காவோ அண்ணனோ அவ்வீட்டின் முதல் வழிகாட்டி. கல்லூரியின் பெற்றோர் கூட்ட அழைப்போ பெரும்பாலும் தந்தைக்கே போகிறது. அவர் ஒரு ஷிப்டின் கூலியை இழந்து வந்து, மகனின் வருகைப்பதிவைப் பற்றிச் சொல்லப்படுவதை நின்றுகொண்டே கேட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுத் திரும்புகிறார். அந்த எண்களின் பொருள் அறிந்த அக்காவை எவரும் அழைப்பதில்லை.