சினம் அருளாகும் இடம்: கங்கைகொண்ட சோழீச்சரச் சுவரில் தேவர்களின் பூசல்களும் சாபங்களும்

அரியலூர் மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழீச்சரம், 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திர சோழன் தன் புதிய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தில் எழுப்பிய கற்றளியாகும். ஏறத்தாழ 160 அடி உயரமுள்ள அதன் விமானத்தின் கீழ்ச்சுவரில், தெற்கு, மேற்கு, வடக்கு ஆகிய முப்புறமும் சுவரைக் குடைந்தாற்போல் அமைந்த மாடங்களில், அதாவது சிற்ப நூலார் தேவகோட்டம் எனக் குறிக்கும் இடங்களில், இறையுருவங்கள் வரிசையாக நிற்கின்றன. இவ்வுருவங்களின் அளவையும் வனப்பையும் எடுத்துரைத்தோர் பலர்; ஆனால் அவற்றுள் கணிசமானவை தேவர்கள் தமக்குள் கொண்ட பகை, செருக்கு, சினம், சாபம் ஆகியவற்றைக் கூறும் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும், ஒரு பேரரசின் தலைக்கோயில் அமைதியின் உருவங்களோடு பூசலின் உருவங்களையும் தன் சுவரில் ஏற்றுக்கொண்டது என்பதும் தனியே ஆராயத்தக்க செய்திகள்.

மேற்குச் சுவரின் நடுவில் இலிங்கோற்பவர் நிற்கிறார். திருமாலும் நான்முகனும் தம்முள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது அவர்கள் இடையே அழற்பிழம்பாய் எழுந்த சிவனின் அடியைத் தேடிப் பன்றியாகி நிலத்தை அகழ்ந்தவர் திருமால் என்றும், முடியைத் தேடி அன்னமாகிப் பறந்தவர் நான்முகன் என்றும் கதை கூறுகிறது. முடியைக் கண்டதாக நான்முகன் பொய்யுரைத்தார், அப்பொய்க்குத் தாழம்பூ சான்று சொன்னது, அதனால் நான்முகனுக்குத் தனிக்கோயில் இல்லாமலும் தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடமில்லாமலும் போயின என்பது புராணங்கள் விரித்துரைக்கும் பகுதி. தமிழ்நாட்டில் இக்கதை 11ஆம் நூற்றாண்டுக்கு வெகு முன்பே வேரூன்றிவிட்டது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை இராவணனின் செருக்கு அடங்கியதற்கும், ஒன்பதாம் பாடலை இவ்விருவரின் தேடலுக்கும் ஒதுக்குவதைப் பெருவழக்காகக் கொண்டார். திருநாவுக்கரசர் இக்கதைக்கென்றே ஒரு பதிகத்தை இலிங்கபுராணத் திருக்குறுந்தொகை என்னும் பெயரில் பாடினார். கருவறையின் பின்சுவரில் இலிங்கோற்பவரை அமைக்கும் சோழர் மரபு, நாள்தோறும் ஓதப்பட்ட அந்தப் பாடல்களின் கல்வடிவம் என்றே கொள்ளத்தக்கது.

இங்குக் கருதவேண்டியது, தோற்றவர்களுக்கு இச்சுவர் என்ன செய்தது என்பதாகும். அதே மேற்குச் சுவரில் திருமாலுக்குத் தனிக் கோட்டம் உண்டு. வடக்குச் சுவரில் நான்முகனுக்கும் உண்டு. தெற்குச் சுவரிலோ திருமாலும் சிவனும் ஓருடலாகிய அரியரன் நிற்கிறார். தனிக்கோயில் இல்லை என்று கதை விலக்கிய நான்முகன், சோழர் எடுத்த ஏறத்தாழ எல்லாச் சிவாலயங்களின் வடசுவரிலும் தமக்கெனக் கோட்டம் பெற்றிருப்பதைக் காணும்போது, தண்டனையும் இடமளிப்பும் ஒரே கையால் செய்யப்பட்டவை என்பது விளங்கும். பூசலில் தாழ்ந்தவரை வெளியேற்றாமல் சுவரில் நிறுத்துவதே இக்கோயிலின் முறை.

ஆகமங்களும் அவற்றைப் பின்பற்றிய சிற்ப நூல்களும் சிவனின் வடிவங்களைப் பகுக்கும்போது, அழிக்கும் வடிவங்களைச் சம்ஹார மூர்த்தி என்றும், அருளும் வடிவங்களை அனுக்கிரக மூர்த்தி என்றும் வகுக்கின்றன. 1914 முதல் 1916 வரை வெளிவந்த தம் இந்துப் படிமவியல் நூலில் து. அ. கோபிநாத ராவ் இப்பகுப்பை விரிவாக எடுத்தாண்டார்; பின்வந்த ஆய்வாளர் பெரும்பாலும் அதனையே தழுவினர். நூலில் இரண்டாகப் பிரியும் இவை கதையில் அவ்வளவு எளிதில் பிரிவதில்லை. சேய்ஞலூரில் ஆனிரை மேய்த்து, பாலால் மணலிலிங்கத்தை நீராட்டிய விசாரசருமர், அப்பாற்குடத்தை இடறிய தந்தையின் காலைக் கோலால் வெட்டினார், அக்கோல் மழுவாயிற்று. அவருக்குச் சிவன் சண்டேசர் என்னும் பதவி தந்து மாலை சூட்டிய காட்சி, இக்கோயிலின் வடபுறப் படிக்கட்டை ஒட்டி, தமிழகச் சிற்பங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக அமைந்துள்ளது. உமையோடு அமர்ந்த இறைவன் குனிந்து, கைகூப்பிய அடியாரின் தலையைச் சுற்றிப் பூமாலையை வளைக்கிறார். கோட்டத்தின் பக்கங்களிலோ பசுக்களும் தந்தையின் சினமும் சிறு புடைப்புகளாக உள்ளன. மாலை பெறுபவர் இராசேந்திரனே என்று சிலர் கருதுவதுண்டு. அக்கருத்தை ஏற்பினும் மறுப்பினும், வன்முறை பக்கங்களில் சிறிதாகவும் அருள் நடுவில் பெரிதாகவும் செதுக்கப்பட்டிருப்பது சிற்பி எதனை முதன்மையாக எண்ணினான் என்பதைக் காட்டுகிறது.

சிவன் வீரம் புரிந்த எட்டு இடங்களைத் தமிழ் மரபு அட்டவீரட்டம் என்று தொகுத்தது. கண்டியூர், கோவலூர், அதிகை, பறியலூர், விற்குடி, வழுவூர், குறுக்கை, கடவூர் என்னும் இவ்வெட்டில் கோவலூர், அதிகை, விற்குடி, வழுவூர் ஆகிய நான்கும் அந்தகன், திரிபுரத்தார், சலந்தரன், கயாசுரன் ஆகிய அசுரர்களை வென்ற தலங்கள். எஞ்சிய நான்கில் ஒறுக்கப்பட்டவர்கள் தேவர் தரப்பினரே: கண்டியூரில் நான்முகனின் ஐந்தாம் தலை கொய்யப்பட்டது, பறியலூரில் தக்கனின் வேள்வி சிதைந்தது, குறுக்கையில் காமன் எரிந்தான், கடவூரில் கூற்றுவன் உதைபட்டான். தமிழ்ச் சைவம் தன் வீரத்தின் சரிபாதியைத் தேவர்கள்மீதே செலுத்தியது என்பது, இறைவனை அசுரரைக் கொல்பவனாக மட்டும் காணும் பொதுப்பார்வையைத் திருத்துகிறது.

இந்நான்கனுள் காலாந்தகரும் காமாந்தகரும், அதாவது கூற்றுவனை உதைத்த வடிவும் காமனை எரித்த வடிவும், கங்கைகொண்ட சோழபுரத்தின் வடசுவரில் இடம்பெற்றுள்ளன. இரண்டு கதைகளிலும் தண்டனை பெற்றவன் தன் கடமையைச் செய்தவன் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. பதினாறு வயது நிறைந்த மார்க்கண்டேயனின் உயிரைக் கவர வந்தது கூற்றுவனுக்கு விதிக்கப்பட்ட தொழில். யோகத்தில் இருந்த சிவன்மேல் மலரம்பு தொடுத்தது, சிவகுமாரன் பிறந்தாலன்றித் தம் துயர் தீராது என்று கலங்கிய தேவர்கள் காமன்மீது சுமத்திய தொழில். தேவர்களின் தேவைக்காக ஏவப்பட்டவன் எரிந்தபோது ஏவியவர்கள் விலகி நின்றனர். அழுதவள் இரதி ஒருத்தியே. கச்சியப்பரின் கந்தபுராணம் காமனை மீண்டும் எழுப்பி, இரதியின் கண்ணுக்கு மட்டும் தோன்றும்படி செய்கிறது. கூற்றுவனும், சாவின்மையால் நிலமகள் பொறை தாங்காது வருந்தியபின், உயிர் பெற்றான். இன்று மணிவிழாவுக்காகவும் எண்பதாம் ஆண்டு நிறைவுக்காகவும் திருக்கடவூருக்கு வரும் முதியவர்கள், கூற்றுவன் ஒழிந்ததையன்று, அவன் எல்லைக்குள் நிறுத்தப்பட்டதையே கொண்டாடுகின்றனர்.

சாபத்திற்கும் இத்தகைய எல்லை உண்டு. சாபம் என்பது தவத்தால் ஆற்றல் பெற்ற ஒருவரின் சொல் செயலாக மாறுவது; ஆதலால் ஒருமுறை வெளிப்பட்டபின் சொன்னவராலும் அதனைத் திரும்பப் பெற இயலாது, அதற்கு ஒரு முடிவைக் குறிக்க மட்டுமே இயலும். இம்முடிவே சாபவிமோசனம் எனப்படும். தன் மகளிர் இருபத்தெழுவரை மணந்து உரோகிணியிடம் மட்டும் அன்பு காட்டிய திங்களைத் தேய்ந்தழியுமாறு தக்கன் சபித்தான். சிவன் அச்சொல்லை அழிக்கவில்லை, பாதிநாள் தேய்வும் பாதிநாள் வளர்வுமாக அதனைப் பகிர்ந்தளித்துத் திங்களைத் தன் சடையில் அணிந்துகொண்டான். துருவாச முனிவர் தந்த மாலையை ஐராவதம் நிலத்தில் எறிய, இந்திரனுக்குக் கிடைத்த சாபத்தால் தேவருலகம் திருவை இழந்தது; அத்திருவை மீட்கவே பாற்கடல் கடையப்பட்டது; அக்கடைதலிலிருந்தே நஞ்சும் அமுதமும் இராகு கேதுக்களின் பகையும் பிறந்தன. தன் வெண்ணிறத்தை இழந்த ஐராவதம் வழிபட்டு அதனை மீளப் பெற்ற தலமாகத் தாராசுரம் கூறப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுத்த அந்த ஐராவதீச்சரமும் கங்கைகொண்ட சோழீச்சரமும், 1987இல் உலக மரபுச்சின்னமான தஞ்சைப் பெரிய கோயிலுடன் 2004இல் ஒருசேர இணைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தன் பெயரையே ஒரு சாபக் கதையிலிருந்து பெற்றது.

கோள்களின் பகையைக் காட்டும் அரிய படைப்பு ஒன்று கங்கைகொண்ட சோழபுரத்திலேயே உள்ளது. சௌரபீடம் எனப்படும் அது, ஞாயிற்றைத் தாமரையாக மேலே கொண்டு, ஏனைய எட்டுக் கோள்களைச் சூழ அமைத்து, ஏழு குதிரைகள் இழுக்கும் தேராகச் செதுக்கப்பட்ட ஒற்றைக்கல். வியாழனின் மனைவி தாரையைக் கவர்ந்த திங்கள், அக்கவர்தலில் பிறந்த புதன், அமுதம் உண்டதைக் காட்டிக்கொடுத்த ஞாயிற்றையும் திங்களையும் விழுங்க அலையும் இராகு ஆகிய அனைவரும் இங்கு ஒரு மலரின் இதழ்களைச் சுற்றி அடங்கியுள்ளனர். பிற்காலத் தமிழ்க் கோயில்களில் ஒன்பது கோள்களையும் ஒருவரையொருவர் நோக்காதவாறு நிறுத்தும் வழக்கோடு ஒப்பிட்டால், இச்சிற்பியின் கருத்து எத்துணைத் துணிவானது என்பது புலப்படும்.

தேவர்களின் சாபக் கதைகள் வடமொழிப் புராணங்கள் வழியாகப் பிற்காலத்தில் வந்தவை என்று எண்ணுவோர் பரிபாடலை நினைவுகூர வேண்டும். அதன் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் பூனை வடிவில் தப்பும் இந்திரனையும், அகலிகையையும், சினத்தால் அவளைக் கல்லாக்கிய கவுதமனையும் காண்போர் ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டி விளக்கியதைக் கூறுகிறது. சாபம் தமிழில் ஓவியப் பொருளாகவே முதலில் காட்சி தருகிறது எனலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலோ, சாபம் பெற்ற இந்திரன் மகன் சயந்தன் ஆடல்மகளிர்க்குரிய தலைக்கோலோடும், உருப்பசி ஆடல்மகள் மாதவியின் குலத்தோடும் தொடர்புறுகின்றனர். ஆடல்மகளின் அரங்கே அச்சாபம் நீங்கும் இடமாதலால், கலை இங்குத் தண்டனையின் முடிவாகிறது.

பூசல் கதைகள் சமயப் பூசலுக்கும் இடமளித்தன என்பதை மறைப்பதற்கில்லை. தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் இடையிலுள்ள கண்டியூரில் சிவன் நான்முகனின் தலையைக் கொய்தவராக வழிபடப்படுகிறார். அதே ஊரில் திருமங்கையாழ்வார் பாடிய திருமால் கோயிலின் இறைவனோ அரன் சாபம் தீர்த்த பெருமாள். கொய்த தலையின் ஓடு கையில் ஒட்டிக்கொள்ள, இரந்து திரிந்த சிவனின் குற்றத்தை நீக்கியவர் இப்பெருமாளே என்பது வைணவர் கூற்று. ஒரே கதையின் முற்பாதியை ஒரு கோயிலும் பிற்பாதியை மற்றொரு கோயிலும் தமதாக்கிக்கொண்டு ஓர் ஊரில் வாழ்வது தமிழ்நாட்டின் தனிச்சிறப்பு. பிற்காலச் சோழரிடத்தில் இச்சமநிலை சற்றே சாய்ந்தது. நரசிங்கத்தின் சினத்தை அடக்கச் சிவன் எடுத்ததாகக் கூறும் சரபம் என்னும் சிங்கப்புள் வடிவம், தாராசுரத்திலும், மூன்றாம் குலோத்துங்கன் எடுத்த திரிபுவனத்திலும் சிறப்பிடம் பெற்றது. கங்கைகொண்ட சோழபுரத்தின் கோட்டங்களிலோ, திருமால் தன் கண்ணையே மலராகச் சாத்திச் சக்கரம் பெற்ற விண்டு அனுக்கிரகர்தான் இடம்பெற்றார். வழிபடுவோன் அடங்கி நிற்பினும் அவன் இழிவுபடவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் நேர்ந்த இம்மாற்றத்தைச் சரபத்தின் தோற்றமே அளவிட உதவுகிறது.

இத்துறையின் ஆய்வு இரு தனி ஓடைகளாகவே ஓடிவந்துள்ளது. 1970இல் இரா. நாகசாமி இக்கோயிலைப் பற்றி எழுதிய நூலும், பியர் பிசார், பிரான்சுவாசு லெர்னோ முதலியோர் 1994இல் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளி வாயிலாக வெளியிட்ட தொகுதியும் கட்டடத்தையும் படிமங்களையும் நுணுகி விளக்கின. வெண்டி டோனிகர் 1976இலும் டேவிட் சுல்மன் 1980இலும் வெளியிட்ட நூல்கள் புராணங்களின் உள்முரண்களையும் தமிழ்த் தலபுராணங்களையும் ஆராய்ந்தன. கல்லை அறிந்தோர் கதையையும், கதையை அறிந்தோர் கல்லையும் பெரும்பாலும் துணைச்சான்றாகவே கொண்டனர். எந்தக் கதைக்கு அடுத்து எந்தக் கதை நிற்கிறது என்னும் வரிசையைப் பொருளாகக் கொள்ளும் ஆய்வு இன்னும் வளரவேண்டியுள்ளது. 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்காக இக்கோயிலின் மதில் முதலிய புறக்கட்டடங்களிலிருந்து கற்கள் பெயர்க்கப்பட்டமையால் அவ்வரிசையின் புறவட்டம் என்றென்றைக்குமாக அழிந்துபோனது பெருந்துயரம்.

எஞ்சிய கோட்டங்களுள் இவ்வூருக்கு மிக நெருங்கியது கங்காதரர். பகீரதன் தவத்தால் கங்கையை இறக்கியது கபில முனிவரின் சினத்தால் சாம்பலான சகரன் மக்களை உய்விக்கவே. அப்பகீரதனை எள்ளி, தவத்தாலன்றித் தோள்வலியால் கங்கைநீரைக் கொணர்ந்தவன் இராசேந்திரன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அந்நீரால் அமைந்த வெற்றித்தூண் என அது கூறும் சோழகங்கம் இன்று பொன்னேரி என வழங்குகிறது. இத்தகைய வெற்றியைக் கொண்டாட எழுந்த கோயிலில் கங்கையின் வருகையைச் செதுக்கிய சிற்பி, மன்னனுக்கு உகந்த ஆரவாரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சடையில் மற்றொருத்தியை ஏற்கும் கணவனிடம் பிணங்கி நிற்கிறாள் உமை; இறைவன் அவளை அணைத்து ஆற்றுகிறான். சாபம் என்னும் சொல்லுக்கு இங்கு வேலையில்லை. தமிழ் அகப்பாடல்கள் ஊடல் என்று பெயரிட்டு, தண்டனைக்குரியதாக ஒருபோதும் கொள்ளாத பூசல் இது. வடக்கே கூற்றுவனும் காமனும் வீழ்ந்த சுவரை அடுத்து, மேற்குச் சுவரில், இறைவனே தணிந்து பேசும் ஒரே பூசலாக அது நிற்கிறது.