பிசிறை விட்டுவைத்தவர்

வீட்டில் தனியாகப் பதிவுசெய்யும் ஆல்பத்தில் மூன்று பேரின் வேலையை ஒரே ஆள் பார்க்கிறார்: பாட்டை எழுதுபவர், பாடுபவர், ‘இது போதும்’ என்று சொல்பவர். முதல் இருவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆல்பத்தின் தலையெழுத்து மூன்றாமவர் கையில் இருக்கிறது. ஒலிக்கூடத்தில் அந்த வேலையை இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் கண்ணாடி கிடையாது. குரல் பிசிறிய இடத்தில் நிறுத்துவதா, போகட்டும் என்று விடுவதா என்பதைப் பாடிக்கொண்டிருக்கிறவரே, பாட்டின் நடுவிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

அதை முடிவு என்று யாரும் மதிப்பதில்லை. காசில்லை, கருவி சரியில்லை, ஆளுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று மூன்றில் ஒரு காரணத்தைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

1980-களில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், துரித உணவுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தன் கேசட்டுகளைக் கண்டவர் கையிலெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பாடலாசிரியருக்கு மூன்று காரணங்களையும் சேர்த்தே சூட்டினார்கள். இந்த வகை இசையைத் தேடிக் கேட்பவர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. மலிவான சான்யோ மோனோ ரெக்கார்டர், சின்னதாக ஒரு கார்டு ஆர்கன், கீச்சென்ற குரல். அவருக்கு மனநோய் இருந்தது உண்மை. அதை வைத்தே பாட்டுகளையும் அளந்து, குழந்தை உள்ளம், தெரியாமல் செய்கிறார் என்று பாராட்டியவர்கள்தான் அவரை அதிகம் தவறாகப் புரிந்துகொண்டவர்கள்.

கேசட்டைப் பிரதி எடுக்க வசதியில்லாத ஆரம்ப நாட்களில், யாராவது ஒன்று கேட்டால் அவர் ஆல்பம் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிந்து கொடுத்தார். அத்தனை முறை பாடியவருக்குத் தன் பாட்டில் சுருதி எங்கே விலகுகிறது என்று தெரியாமலா போகும்? திருத்த வாய்ப்பு மறுபடி மறுபடி வந்தது. அவர் கறாராக இருந்தது வேறு இடத்தில். குரல் தடுமாறும் வரியிலும் சொல் தெளிவாக விழும். மெட்டு வழுக்கும் இடத்திலும் பாட்டு நிற்காது.

கருவியையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அந்த ரகக் கேசட் ரெக்கார்டர்களில் ஒலி அளவைக் கருவியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆர்கனின் பல கட்டைகளை ஒருசேர அழுத்தினால் மொத்த ஒலியும் ஒடுங்கும். பாடுபவர் மூச்சு வாங்க நிறுத்தினால், பிடிக்க வேறொன்றும் கிடைக்காத கருவி அறையின் இரைச்சலை மேலே தூக்கும்; நாற்காலி கிரீச்சிடுவதும் நாடாவின் ‘உஸ்’ஸும் முன்னால் வரும். அடுத்த வரி தொடங்கியதும் எல்லாம் அமுங்கும். இது பழகியவர் எங்கே மூச்சு வாங்குவது என்பதையே பாட்டின் ஒரு பகுதியாக்கிக்கொள்வார். ஒலிக்கூடத்தில் இந்த ஏற்ற இறக்கம் தானாக வராது.

காசில்லை என்ற காரணம் 1982-லேயே உடைந்துவிட்டது. சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் போர்ட்டாஸ்டுடியோ 144-ஐ டாஸ்காம் நிறுவனம் 1979-ல் கொண்டுவந்திருந்தது. உலகப் புகழ்பெற்ற ஒரு நியூஜெர்சிப் பாடகர், வாடகை வீட்டுப் படுக்கையறையில் அதில் மாதிரிக்குப் பாடிவைத்தார். பிறகு தன் இசைக்குழுவோடு ஒலிக்கூடத்தில் முயன்றும் ஒத்துவரவில்லை. உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் கிடந்த அந்தக் கேசட்டே இசைத்தட்டாக வெளிவந்தது. எந்த ஒலிக்கூடத்தையும் வாடகைக்கு எடுக்கக்கூடியவர் அவர்.

எல்லாப் பிசிறும் இந்த மரியாதைக்கு உரியதல்ல. இரண்டாம் முறை பாடும்போதும் விட்டுவைத்த பிசிறு முடிவு. ஒவ்வொரு முறை பாடும்போதும் இடம் மாறும் பிசிறு வெறும் சோம்பல். மேடையில் அதே பாட்டைக் கேட்டால் எது எதுவென்று விளங்கிவிடும்.

இந்தக் கணக்கு மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள லெம்பா பெர்த்தாமுக்கு நன்றாகப் பொருந்தும். ரிங்லெட்டை ஒட்டிய இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுப் பதிவுக்கு முதல் எதிரி மழை. தகரக் கூரையில் அது விழத் தொடங்கினால் கிட்டார் கேட்காது. மழை ஓய்ந்தால் காய்கறித் தோட்டத்து மருந்து பம்பு, அப்புறம் லாரி, திருவிழாக் காலத்தில் உறுமி மேளம். கையில் இருப்பது கைப்பேசி. அதில் பேச்சுக்காகச் செய்த இரைச்சல் நீக்கி, ஒரே சீராக நீளும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். மழை அப்படித்தான் ஒலிக்கிறது, சுருதிப் பெட்டியும் அப்படித்தான். மழையை விரட்டப்போன மென்பொருள் சுருதியையும் சேர்த்து விழுங்கிவிடும். எனவே இங்கே பாடுபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, அந்த வசதியை அணைத்துவிட்டு மழையை உள்ளே விடுவதுதான். 2013 அக்டோபரில், மழையால் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் இரவில் புகுந்த ஊர் இது. இந்த ஊர்ப் பாட்டில் மழைச் சத்தத்துக்கு உரிமை உண்டு.

இனி நடக்கப்போவதையும் ஊகிக்கலாம். 2006-ல் தமிழ்நாடு வரை போன மலேசியத் தமிழ் ராப் ஆல்பம் ஒலிக்கூடத்துப் பளபளப்போடு போனது. அடுத்து எல்லை தாண்டப்போவது கேமரன் மலையிலோ அதுபோன்ற ஒரு தோட்டத்திலோ, லயத்து அறையில் ஒருவர் தனியாகப் பதிந்த தமிழ் ஆல்பமாக இருக்கும். ‘மிக்ஸிங் சரியில்லை’ என்பது முதல் விமர்சனம். வானொலி ஒலிபரப்பத் தயங்கும். வாட்ஸ்அப்பில் கைமாறும், பாதிப் பேர் கேலிக்காகவே அனுப்புவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கேலி செய்தவர்களே வரிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரு நிறுவனம் முன்வந்து, மழையையும் மூச்சையும் துடைத்த ‘மேம்படுத்திய பதிப்பு’ ஒன்றை வெளியிடும். வாங்குபவர்கள் முதல் பதிப்பைத் தேடி வாங்குவது நல்லது.