சிலிக்கானில் ஏறிய நீலம்

பழைய மீன் தொட்டி விலைக்கு வந்தால் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் தடவிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மூலைகளில் ஓடும் சிலிக்கானை. அது நீலம் பாய்ந்திருந்தால், மீனுக்கு நோய் கண்டதும் மெத்திலின் நீலத்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிலிக்கான் குடித்த சாயம் பிறகு போவதில்லை. அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காக்கும் ஃபில்டர் பாக்டீரியாவும் அந்த மருந்தில் அடிபட்டிருக்கும். நம் மீன் வளர்ப்பின் கோளாறே இதுதான்: மீனுக்கு மருந்தை வாரி இறைக்கிறோம், தொட்டி ஒழுகினால் மட்டும் விரல்நுனிச் சிலிக்கானில் சிக்கனம் பார்க்கிறோம். நியாயமாக இது தலைகீழாக இருக்க வேண்டும்.

வெள்ளைப்புள்ளி நோயையே எடுத்துக்கொள்வோம். மீன்மேல் தெரியும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. ஒட்டுண்ணி தோலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. அது முதிர்ந்து உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் மருந்து வேலை செய்யும். இன்று ஊற்றி, நாளை புள்ளி போகவில்லை என்று வேறு புட்டியைத் திறப்பவர் ஒட்டுண்ணியை விட்டுவிட்டு மீனின் செவுளைத்தான் வாட்டுகிறார். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தனித் தொட்டி, லிட்டருக்கு 2, 3 கிராம் கல் உப்பு, ஹீட்டரில் 30 டிகிரி, தாராளமாகக் காற்று, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றம். புள்ளி மறைந்த பிறகும் சில நாள் நிறுத்தாமல் தொடர்வது. மீன் இல்லாத பெரிய தொட்டியில் நீந்தும் குஞ்சுகள் ஓரிரு நாளில் தாமாகவே மாளும். உப்பு கோரிடோராஸ் மீனுக்கு ஆகாதே என்பார்கள். அளவைக் குறைத்து மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் தாங்கும். சூட்டில் பிராணவாயு குறையும் என்பதும் உண்மைதான். காற்றைக் கூட்டச் சொல்வது அதனால்தான். இந்த ஒட்டுண்ணிக்கு ஃபூக்கே என்ற ஆய்வாளர் பெயரிட்டதும், வேதியியலாளர் ஹைன்ரிச் காரோ மெத்திலின் நீலத்தை உருவாக்கியதும் ஒரே ஆண்டில், 1876-இல். அதற்காக இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டியதில்லை. முட்டைப் பூஞ்சைக்கு நீலம் அருமையான மருந்து, அங்கே இருக்கட்டும்.

தொட்டிக்கு வருவோம். காய்ந்த சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. ஒழுகும் இடத்தில் மட்டும் பூசிய ஒட்டு சில வாரம் தாங்கும். பிறகு தண்ணீர் பழைய சிலிக்கானுக்கும் புதியதற்கும் நடுவே வழி கண்டுபிடிக்கும். ஒரு சொட்டுக்காகத் தொட்டி முழுவதையும் சுரண்டுவதா என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் ஏறத்தாழ 56 லிட்டர், அதாவது 56 கிலோ தண்ணீர் நிற்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவேயுள்ள மெல்லிய படலம். உட்புற ஓரத்தில் நாம் பார்க்கும் வளைவு அதற்குக் காவல்தான். நடுப்படலம் கெடாதிருந்தால் உள்வளைவு முழுவதையும் பிளேடால் உரித்து, அசிட்டோனால் துடைத்து, ஒரே நாளில் சுற்றிலும் புதிதாக இழுக்க வேண்டும். நடுப்படலத்திலேயே காற்றுக்குமிழி ஓடினால் கண்ணாடிகளைப் பிரித்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

நல்ல கை இழுத்த வளைவு தனி அழகு. மாஸ்கிங் டேப்பை இரு பக்கமும் ஒட்டி, சிலிக்கான் கன்னை நிறுத்தாமல் நகர்த்தி, தோல் கட்டுமுன் ஒரே விரல்வீச்சில் வழித்து, ஈரத்தோடேயே டேப்பை உரித்தால், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் கண்ணாடியோடு கண்ணாடியாக நிற்கும். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ணமீன் தொழில் வேரூன்றிய இடத்தில்கூட விளக்குக்கும் பின்படத்துக்கும் பேரம் பேசுகிறவர்கள் அந்த வளைவைக் குனிந்து பார்ப்பதில்லை. கேட்பாரில்லாத வேலையில் சுத்தம் எப்படி நிற்கும்? கறுப்புச் சிலிக்கான்தான் எடுப்பு என்பது இன்றைய ரசனை. கறுப்பு, குமிழியையும் கறையையும் மறைக்கும். கண்ணாடி நிறச் சிலிக்கானில் ஏமாற்ற இடமில்லை, என் ஓட்டு அதற்கே.

பூஞ்சை வராதென்று விற்கும் பாத்ரூம் சிலிக்கானை மட்டும் வாங்காதீர்கள். அதிலுள்ள பூஞ்சைக்கொல்லி மீனுக்கு நஞ்சு. புதுச் சிலிக்கானின் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது 2 நாள், தொட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.