ஷோபாவுக்காக எடுத்த இரண்டு படங்கள்

பாலக்காட்டுப் பக்கமும் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழர்களான நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்ப் படம், மலையாளப் படம் இரண்டும் நமக்கு வீட்டுச் சரக்குதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும் கதை, நடிகை ஷோபாவுடையது.

1962 செப்டம்பரில் பிறந்தவர், இயற்பெயர் மகாலட்சுமி. தாயார் பிரேமாவும் மலையாள நடிகை. சந்திரபாபு இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) படத்திலேயே குழந்தையாக கேமரா முன் வந்துவிட்டார். ஒன்பது வயதில் கேரள அரசின் குழந்தை நட்சத்திர விருது. ‘பசி’ (1979) படத்தின் குப்பம்மாவுக்குத் தேசிய விருது. 1980 மே 1ஆம் தேதி தற்கொலை. அப்போது அவருக்குப் பதினெட்டு நிறையவில்லை.

இந்தப் பட்டியலைப் பார்த்து “பிறவி நடிகை” என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாலு வயசுப் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ‘அழியாத கோலங்கள்’ (1979) படத்தில் விடலைப் பையன்கள் ஏங்கிப் பார்க்கும் இந்துமதி டீச்சர் அவர். அந்த டீச்சருக்கே பதினேழு வயதுதான் என்பது நம் கண்ணில் படவே இல்லை. அதன் இயக்குநர் பாலு மகேந்திரா ஏற்கெனவே மணமானவர். ஷோபாவைவிட 23 வயது மூத்தவர். அவர்களுடைய உறவை இன்றும் ‘காவியக் காதல்’ என்று எழுதுகிறோம். பெண்ணின் திருமண வயதைப் பதினைந்திலிருந்து பதினெட்டாக உயர்த்திய சட்டத் திருத்தம் வந்ததோ 1978இல்!

அவர் மறைவுக்குப் பின் இரண்டு படங்கள் வந்தன. ‘மூன்றாம் பிறை’ (1982) ஷோபாவின் நினைவில் பிறந்தது என்று பாலு மகேந்திராவே சொல்லியிருக்கிறார். அழகான படம், மறுப்பில்லை. ஆனால் அதில் பெண் நினைவிழந்து குழந்தையாகிவிடுகிறாள், பார்த்துக்கொள்பவன் ஆண். கடைசியில் ரயில் நிலையத்தில் நாம் அழுவது அவனுக்காக.

மலையாளத்தில் கே.ஜி. ஜார்ஜ் எடுத்த ‘லேகயுடெ மரணம் ஒரு ஃபிளாஷ்பேக்’ (1983) ஷோபாவின் வாழ்க்கையை ஒட்டியது என்றே பரவலாகப் பேசப்பட்டது. மகளை நட்சத்திரமாக்கும் ஆசையில் ஒரு குடும்பம் கோடம்பாக்கம் வருகிறது. ஒவ்வொரு வாய்ப்புக்கும் அந்தப் பெண் என்ன விலை கொடுத்தாள் என்று படம் எண்ணிக் காட்டுகிறது.

ஜார்ஜின் படத்திலும் குறை உண்டு. தாயின் பேராசையை அளவுக்கு மிஞ்சி அழுத்திச் சொல்லிவிட்டார். தானும் அதே தொழிலில் உழன்றவள் அந்தத் தாய் என்ற கோணம் அதில் மெலிந்து கிடக்கிறது. ஆனாலும் ‘மூன்றாம் பிறை’ கேட்காத கேள்வியை அது கேட்டது: இந்தப் பெண்ணை வைத்துப் பிழைத்தவர்கள் யார் யார்? மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா குழு அறிக்கை 2024இல் வெளியானபோது அதே கேள்விதான் மறுபடி எழுந்தது.

ஷோபாவின் வாழ்க்கையைப் ‘புரியாத புதிர்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதில் புதிர் ஒன்றும் இல்லை. அவர் வயதை ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எழுதிப் பார்த்தாலே போதும்.