விலகத் தெரிந்த கை

பென்சால்டிஹைடு புட்டியைத் திறந்தால் ஆய்வகம் முழுக்கப் பாதாம் எசன்ஸ் வாசனை பரவும். பக்கத்துப் புட்டியில் அசிட்டோபீனோன். அதற்கு இனிப்பு கலந்த ஒரு மலர் வாசனை. 20 டிகிரியில் உறைந்துவிடும் பொருள் என்பதால், குளிரூட்டிய அறையில் வைத்த புட்டி காலையில் கட்டியாகிக் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் சற்று நிற்கவைத்தால் இளகிவிடும்.

இரண்டையும் எரிசோடாவும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் விட்டுக் கலக்கத் தொடங்குகிறோம். முதலில் மஞ்சள் ஏறும். பிறகு கலங்கும். எண்ணெய்த் துளிகள் திரளும். சில சமயம் கரைசல் அந்த நிலையிலேயே பிடிவாதமாக நிற்கும். அப்போது கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைக் கீறுவோம்; அல்லது முந்தின வாரத்துப் படிகத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவோம். பாலுக்கு உறை ஊற்றுவது போன்ற காரியம்தான் இது. கொஞ்ச நேரத்தில் குடுவைக்குள் இளமஞ்சள் கூழ் கெட்டிப்பட்டு, கலக்கும் துடுப்பு திணறி நின்றுவிடும். எத்தனையோ ஆண்டுகளாக எம்.எஸ்சி. மாணவர்களோடு நின்று இதைப் பார்க்கிறேன். துடுப்பு நிற்கும் அந்தக் கணத்தின் மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கிடைத்த பொருளின் பெயர் சால்கோன். இரண்டு பென்சீன் வளையங்கள். நடுவில் மூன்று கார்பன்கள் கொண்ட சிறு பாலம். அந்தப் பாலத்தில் ஒரு கார்பனைலும் ஓர் இரட்டைப் பிணைப்பும். அவ்வளவுதான் கட்டமைப்பு. 1899-இல் பெர்ன் நகரில் கோஸ்டனெக்கியும் டாம்போரும் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தபோது, செம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்கள். எளிய சால்கோன் வெளிர்மஞ்சள்தான். வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகளும் அமினோ தொகுதிகளும் ஏற ஏறத்தான் நிறம் கனிந்து ஆரஞ்சாகி, செம்பின் சாயலை எட்டும். பங்குனி வெயிலில் இலையுதிர்த்து நெருப்பாகப் பூக்கும் புரசு மரத்தின் பூவில் இருக்கும் பியூட்டீன் ஒரு சால்கோன். அதிமதுர வேரில் இருக்கும் ஐசோலிக்விரிட்டிஜெனின் இன்னொன்று.

இந்த மூலக்கூற்றைக் கட்டும் வினைக்குக் கிளெய்சன் – ஷ்மிட் குறுக்கவினை என்று பெயர். லுட்விக் கிளெய்சனும் ஜே. ஜி. ஷ்மிட்டும் 1880, 1881 ஆண்டுகளில் தனித்தனியே எழுதியவற்றிலிருந்து வந்த பெயர் அது. இதன் அழகு ஜோடிப் பொருத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால்தான் காரத்தால் அதைப் பறித்து ஈனோலேட்டாக்க முடியும். பென்சால்டிஹைடுக்கு அப்படிப்பட்ட ஹைட்ரஜனே இல்லை. அதனால் அது தாக்க முடியாது, தாக்குதலை ஏற்க மட்டுமே முடியும். அசிட்டோபீனோனிடம் அந்த ஹைட்ரஜன் இருக்கிறது. ஆனால் அதன் கார்பனைல், ஆல்டிஹைடின் கார்பனைலைப் போல எளிதில் இடம் கொடுப்பதில்லை. எனவே கொடுப்பவர் யார், ஏற்பவர் யார் என்பதில் குழப்பமே வருவதில்லை.

ஹைட்ராக்சைடு செய்யும் வேலை மிகச் சிறியது. அசிட்டோபீனோனின் மெத்திலிலிருந்து ஒரு புரோட்டானைக் கழற்றுகிறது. அசிட்டோபீனோன் அதை மனமுவந்து விடுவதில்லை என்பதால், எந்தக் கணத்தில் பார்த்தாலும் குடுவையில் ஈனோலேட் மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் ஆல்டிஹைடைப் பற்றிக்கொள்ள, புதிய கார்பன் – கார்பன் பிணைப்பு பிறக்கிறது. கரும்பலகையில் இதை வரையும்போது நானும் இந்த இடத்தில்தான் குரலை உயர்த்துவேன். கதையின் உச்சம் இணைவதில் இருப்பதாகவே பல வருடம் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பெரினும் அவருடைய மாணவரும் சால்கோன் உருவாகும் பாதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை அளந்து பார்த்தார்கள். வினையின் வேகத்தைத் தீர்மானிக்கும் படி, புரோட்டானைப் பறிப்பதும் இல்லை, பிணைப்பு உண்டாவதும் இல்லை. இணைந்தபின் பிறக்கும் ஹைட்ராக்சி கீட்டோன் மீண்டும் ஒரு புரோட்டானை இழந்து, அதன்பின் ஒரு ஹைட்ராக்சைடு கழன்று வெளியேற, அங்கே இரட்டைப் பிணைப்பு உருவாகிறதே, அந்தக் கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் மெதுவானது. வந்து சேர்வது விரைவில் நடந்துவிடுகிறது. விட்டுப் போவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

இதைப் படித்த பிறகு வினையூக்கிகளை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஒரு வினையூக்கி எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது என்பதோடு, எவ்வளவு சுத்தமாக வெளியே போகிறது என்பதையும் கவனிக்கப் பழகினேன். ரசிப்பதற்கு அங்கேதான் நிறைய இருக்கிறது.

பழைய எரிசோடா முறையையே எடுத்துக்கொள்வோம். 1922-இல் கோலரும் சாட்வெல்லும் எழுதிய செய்முறை இன்றும் ஆய்வகங்களில் நடமாடுகிறது. 520 கிராம் அசிட்டோபீனோன், 460 கிராம் பென்சால்டிஹைடு, 218 கிராம் எரிசோடா. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, 30-ஐத் தாண்டவும் கூடாது. சூடு ஏறினால் பென்சால்டிஹைடு தனக்குள்ளேயே கன்னிசாரோ வினை புரிந்து ஆல்கஹாலாகவும் அமிலமாகவும் பிரியலாம். சால்கோனும் மேலும் வினைபுரிந்து பிசினாகலாம். வெளியே பனிக்கட்டித் தொட்டி, உள்ளே வெப்பமானி, கண் இரண்டின் மேலும் இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் 85 சதவீத விளைச்சல். மறுபடிகமாக்கிய பொருள் 55-க்கும் 57-க்கும் இடையே உருகும்.

அந்த 218 கிராமைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மோல் அளவில் அது அசிட்டோபீனோனைவிட அதிகம்! வினையூக்கி என்று பெயர். அளவோ வினைபடுபொருளை மிஞ்சுகிறது. வேலை முடிந்ததும் அவ்வளவும் குடுவையில்தான் கிடக்கும். அதனால் செய்முறையின் பின்பாதி முழுக்கக் கழுவுதல்தான். புக்னர் புனலில் இறுகிக் கிடக்கும் மஞ்சள் படலத்தின் மேல் நீரை ஊற்றி, உறிஞ்சி, மறுபடி ஊற்றி, லிட்மஸ் தாளுக்கு நடுநிலை தெரியும்வரை கழுவ வேண்டும். சால்கோன் தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சல் தரும்; கையுறை அவசியம். மறுபடிகமாக்கும்போது ஆல்கஹாலைக் கொதிக்கவிடும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டும். உருகுநிலை தாழ்ந்த பொருள் இது. 50 டிகிரிச் சூடு போதும். மேலே போனால் ஆறும்போது படிகத்துக்குப் பதில் எண்ணெயாகப் பிரிந்து நிற்கும்.

காரத்துக்குக் கை வராத இடமும் உண்டு. வளையத்தில் பாதுகாப்பில்லாத பீனால் தொகுதி இருந்தால், காரம் முதலில் அதன் புரோட்டானைத்தான் கழற்றும். அப்படி எதிர்மின் சுமை ஏறிய வளையம் கார்பனைலுக்கு எலக்ட்ரான்களை வாரி வழங்க, கார்பனைல் மந்தமாகிவிடும். புரசம்பூவின் பியூட்டீனைப் போன்ற பல ஹைட்ராக்சில் கொண்ட சால்கோன்களைச் செய்ய முனைந்தவர்கள் எல்லாரும் இந்தச் சுவரில் முட்டியிருப்பார்கள். அங்கே அமிலம் கைகொடுக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 2007-இல் வந்த முறையில் போரான் டிரைஃபுளூரைடு – ஈதர் கூட்டு வினையூக்கியாகிறது. காரம் பறிப்பவன் என்றால் இது தூண்டுபவன். கார்பனைலின் ஆக்சிஜனைத் தொட்டு நிற்கிறது. கீட்டோன் தானாகவே ஈனாலாகத் திரும்புகிறது. பீனால்களைத் தொந்தரவு செய்வதில்லை. ஒரே முடிச்சை எதிர்ப்பக்கத்திலிருந்து அவிழ்க்கும் இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டால் மனசு நிறைகிறது.

கரைப்பானையே விலக்கிவிட்டால் என்ன? ஜப்பானில் டோடா ஃபுமியோ, டனாகா கோய்ச்சி குழுவினர் 1990-இல் அதைத்தான் செய்தார்கள். மெத்தில் பென்சால்டிஹைடு, அசிட்டோபீனோன், எரிசோடா மூன்றையும் கல்வத்தில் இட்டு 5 நிமிடம் அரைத்தார்கள். வெளிர்மஞ்சள் திடப்பொருள் வந்தது. நீர் விட்டு வடிகட்டியதும் 97 சதவீதம் சால்கோன். அதே 5 நிமிடம் நீர்கலந்த ஆல்கஹாலில் செய்தால் 11 சதவீதம்தான் கிடைத்தது. சித்த மருத்துவர் வீட்டுக் கல்வத்தில் மருந்து அரைபடும் ஓசை காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. அரைப்பது வெறும் பொடியாக்கல் இல்லை. துகளோடு துகளை நெருக்கி வைப்பது. இந்த முறையைச் செய்யும்போது சால்கோன் மணிக்கட்டில் பிறப்பதுபோல் இருக்கும். முதலில் வழுக்கும், பிறகு ஒட்டும், பிறகு குழவி கனக்கும், கடைசியில் கட்டி உடைந்து பொடியாகும். வினை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் கை சொல்லிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வினையூக்கி ஹைட்ரோடால்சைட். மக்னீசியமும் அலுமினியமும் ஹைட்ராக்சைடு அடுக்குகளாக, கட்டிவைத்த ஓலை ஏடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த களிமண் வகை. இடையிடையே கார்பனேட்டும் நீரும். இதைச் சுமார் 450 டிகிரியில் சுட்டால் நீரும் கரியமில வாயுவும் வெளியேற, அடுக்குகள் சரிந்து கலப்பு ஆக்சைடாகிவிடும். பிறகு நீராவியைக் காட்டினால் அடுக்குகள் பழையபடி எழுந்து நிற்கும். கார்பனேட் இருந்த இடத்தில் இப்போது ஹைட்ராக்சைடு அமர்ந்திருக்கும். இதற்கு நினைவு விளைவு என்று பெயர். தன் பழைய உருவத்தை மறக்காத களிமண்! ஸ்பெயினின் வலென்சியாவில் கிளிமெண்ட், கோர்மா, இபோரா ஆகியோர் 1990-களிலிருந்து இதைக் கொண்டு சால்கோன்கள் செய்து காட்டினார்கள். பித்தநீர் சுரப்பைத் தூண்டும் மருந்தாகப் பயன்பட்ட வெசிட்ரில் என்னும் டிரைமெத்தாக்சி சால்கோனும் அவற்றில் அடக்கம். வேலை முடிந்ததா, வடிகட்டினால் போதும். களிமண் தாளில் நின்றுவிடும், பொருள் கீழே இறங்கிவிடும். கழுவிக் கழுவிக் கை சலித்தவர்களுக்குத்தான் இந்த ஒரே வடிகட்டலின் அருமை தெரியும்.

இவர்கள் எல்லாருக்கும் மூத்த கைவினைஞர் செடி. அதனிடம் பென்சால்டிஹைடு புட்டி கிடையாது. கூமராயில் என்னும் ஒரு தொகுதியையும் மூன்று மலோனில் தொகுதிகளையும் கோஎன்சைம் ஏ என்னும் சுமைதூக்கிகள் கொண்டுவந்து கொடுக்க, சால்கோன் சின்தேஸ் என்னும் நொதி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. 164-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் வளரும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொள்கிறது. இறுதியில் சங்கிலி வளைந்து தன் வாலைத் தானே பற்றி வளையமாகிறது. அந்த வளைவுக்கு வேதியியலில் பெயர் கிளெய்சன் குறுக்கவினை. குடுவையில் பார்த்த அதே கிளெய்சன். இந்த நொதியின் முப்பரிமாண வடிவத்தை 1999-இல் வெளியிட்டவர்கள் சான் டியேகோவின் சால்க் நிறுவனத்து ஜோசஃப் நோயலின் குழுவினர். குடுவையின் கடைசிப் படியைப் பெரின் அளந்ததும் இதே ஊரில்தான்.

நொதியின் கணக்கைப் பார்த்தால் எனக்கு வணங்கத் தோன்றும். நரிஞ்செனின் சால்கோன் என்னும் அந்தப் பொருள் ஒன்று பிறக்க, நான்கு கோஎன்சைம் ஏ-க்களும் மூன்று கார்பன் டைஆக்சைடுகளும் வெளியேறுகின்றன. வெளியேறிய ஒவ்வொரு கார்பன் டைஆக்சைடும் ஒரு புதிய பிணைப்புக்கு வழிவிட்டுப் போனதுதான். பூக்களின் ஊதாவும் சிவப்பும் நீலமும் பெரும்பாலும் இந்தச் சால்கோனிலிருந்து கிளைத்த நிறமிகள். 1990-இல் நாப்போலி, லெமியூ, ஜோர்கென்சன் மூவரும் பெட்டூனியாவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க இந்த நொதிக்கான மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். பல செடிகள் வெள்ளையாகப் பூத்தன. கூட்டினால் கூடும் என்ற கணக்கு பொய்த்தது. செடி, வந்ததையும் இருந்ததையும் சேர்த்தே அமர்த்திவிட்டது. அந்த வெள்ளைப் பூக்கள் எழுப்பிய கேள்வி ஆர்.என்.ஏ. குறுக்கீட்டைப் புரிந்துகொள்ளும் பாதையில் ஒரு முக்கியமான மைல்கல். அந்தக் குறுக்கீட்டைக் கண்டுபிடித்ததற்காக 2006-இல் ஃபயருக்கும் மெல்லோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல வினையூக்கியிலும் அளவு மிஞ்சக் கூடாது என்பதைப் பூவே எழுதிக்காட்டியது.

கடந்த பருவத்தில் ஒரு மாணவி புனலின் முன்னால் பொறுமையிழந்து நின்றாள். "சார், மஞ்சள் நல்லா வந்துடுச்சே, இன்னும் எத்தனை தடவை கழுவணும்?" என்றாள். "பொருள் வந்துடுச்சும்மா. சோடா இன்னும் போகலை. அது போறவரைக்கும் வினை முடியலைன்னு வச்சுக்கோ" என்றேன். மறுபடி நீரை ஊற்றினாள். புனலின் அடியில் சொட்டிய நீரில் சிவப்பு லிட்மஸைத் தொட்டாள். லேசாக நீலம் பாய்ந்தது. இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை. ஐந்தாம் முறை தாள் நனைந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கரண்டியால் படிகத்தை மெல்ல வழித்துக் கண்ணாடித் தட்டில் பரப்பினாள்.