பந்தி வேற்றுமையும் மாணவர் குரலும்

காஞ்சி மாநகர் பட்டிற்கும் கோயிலுக்கும் பெயர் பெற்றது. உடனுண்ணல் பற்றிய இரு நிகழ்ச்சிகளோடும் அந்நகர் தொடர்புடையது. அவற்றுள் மாணவர் பெறும் இடம் யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, வைணவக் குருபரம்பரை நூல்கள் கூறுவது. பேரருளாளனுக்கு ஆலவட்டத் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பிகள் அந்தணர் அல்லர். இராமாநுசர் அவரை ஆசிரியராக மதித்து, அவர் உண்ட மிச்சிலை உண்ண விழைந்து விருந்திற்கு அழைத்தார். இராமாநுசர் இல்லாத வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். மனைவியாரோ எஞ்சியதை அகற்றி, இடத்தையும் தூய்மை செய்துவிட்டார். இங்கு வேற்றுமையைக் கடக்க முனைந்தவர் மாணாக்கரே. நூலாசிரியர் அவர் உள்ளத்தை நமக்குத் தெளிவாகவே காட்டுகின்றனர்.

இரண்டாவது, சேரன்மாதேவிக் குருகுலச் சிக்கல். குறளை 1916-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த வ. வே. சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில், பார்ப்பன மாணவர் இருவர்க்குத் தனிப்பந்தி அளிக்கப்பெற்றது. பெற்றோர் விருப்பிற்கு இணங்கியே ஐயர் அவ்வாறு செய்தார் என்பர். பிறப்பால் வேற்றுமை இல்லையென்னும் 972-ஆம் குறளை மொழிபெயர்த்தவர்க்கு இவ்விணக்கம் பொருந்துமா என்னும் வினா இன்றும் எஞ்சி நிற்கிறது. வரதராசுலு நாயுடு, ஈ. வெ. ரா. முதலியோர் எதிர்த்தனர். ஐயர் 1925 சூனில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் திரு. வி. க. தலைமையில் காஞ்சியில் கூடிய காங்கிரசு மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்படவே, ஈ. வெ. ரா. வெளியேறினார்.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் தந்தையிடம் முறையிட்டமையே குருகுலச் செய்தி பரவக் காரணம் என்பர். ஆயின், அம்மாணவர் பெரும்பாலும் 'மகன்' என்றே சுட்டப்பெறுகிறார். எழுதப்பெற்றவை தலைவர்தம் வாதங்களே. பந்தியில் அமர்ந்தோர் கூற்று அருகியே காணப்படுகிறது.

அமெரிக்காவின் கிரீன்சுபரோ நகரில் 1960 பிப்ரவரி 1 அன்று கறுப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடையின் உணவு மேசையில் அமர்ந்தனர். பிற பொருள்களை அவர்க்கு விற்ற கடை, அம்மேசையில் உணவளிக்க மறுத்தது. அவர்கள் அமைதியாக அமர்ந்திருந்தனர். பிறரும் நாள்தோறும் வந்து சேர்ந்தனர். சூலையில் அத்தடை நீங்கியது. பிளேர், மக்கெயின், மக்நீல், ரிச்மண்ட் என்னும் அந்நால்வர் பெயரும் வரலாற்றில் நிலைபெற்றன.

சேரன்மாதேவிச் சிறுவர் போராட்டம் நடத்தினர் என்று கூறுதல் மிகையாம். எனினும், முதற்குரல் மாணவருடையதே என்பதை மறத்தல் பிழை. அக்கால இதழ்களையும் கடிதங்களையும் தன்வரலாறுகளையும் மீண்டும் ஆராய்வோர், தலைவர்தம் சொற்போர்க்கு அப்பால் அக்குரலையும் தேடுதல் வேண்டும் என்பதே எம் துணிபு.